மாப்பிள்ளைக்கு ஒரு கிடாத்தோல் பை

எங்கள் வீட்டுக் குளியலறையில் ஆட்டுத் தோல் ஊறிக்கிடந்த நாட்களில், நான் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக் குழாயடிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தேன். பார்த்தவர்கள் எல்லாம், "என்னண்ணே, வீட்டுல தண்ணி வரலியா?" என்று கேட்டார்கள். தண்ணீர் வருகிறது, தொட்டிக்குள் தோலும் கிடக்கிறது என்று எத்தனை பேருக்குத்தான் சொல்வது? எனக்குச் சுருக்கென்று கோபம் வரும், அது ஊருக்கே தெரியும். ஆனால் என் மனைவி ஒரு சோலியில் இறங்கிவிட்டால் என் கோபத்தையெல்லாம் சாம்பாரில் கிடக்கிற கறிவேப்பிலை மாதிரி ஓரமாக எடுத்து வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

போடியிலிருந்து குரங்கணிக்குப் போகிற ரோட்டில் எங்கள் வீடு. மலைச்சரிவில் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் எனக்கு மேற்பார்வை வேலை. ஸ்டோர் என்றால் கடை இல்லை. பச்சைக்காயைத் தட்டுத்தட்டாக அடுக்கி, விறகு நெருப்பின் சூட்டில் உலர்த்துகிற கட்டடத்துக்கு மலையில் அதுதான் பெயர். என் மனைவி பிறந்து வளர்ந்ததே மலைக்கு அந்தப்பக்கம், இடுக்கி எஸ்டேட்டில். கோபம் வந்தால் பாதி மலையாளத்தில் பேசுவாள். எங்களுக்கு ஒரே மகள். ஸ்காட்லாந்தில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனவள், அந்த ஊர்ப் பையன் ஒருவனைப் பிடித்துப்போய் அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். போடிக்கு வந்து உற்றார் உறவினர் முன்னால் மாலை மாற்றிக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள்.

அதில்தான் சிக்கல். என் மனைவிக்கு ஒரே அண்ணன், எனக்கு மச்சான். போடி மார்க்கெட் பக்கம் கறிக்கடை வைத்திருக்கிறார். தன் மகனுக்கு எங்கள் மகளைக் கட்டுவது என்று சின்ன வயதிலிருந்தே பேசி வைத்திருந்தவர். மகள் மாட்டேன் என்று சொன்ன நாளிலிருந்து தங்கையோடு பேச்சை நிறுத்திவிட்டார். தெருவில் எதிரே வந்தால் சைக்கிள் கடையில் போய்க் காற்று அடிக்கிற மாதிரி நின்றுகொள்வார். அவரிடம் சைக்கிளே கிடையாது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவந்து முதல் மாலை போட வேண்டும். அவர் வராவிட்டால் பெண்ணைப் பெற்றவள் அத்தனை சனத்துக்கு முன்னால் தலை குனிந்து நிற்க வேண்டியதுதான். "ஊர் பேர் தெரியாதவனுக்குப் பொண்ணக் குடுத்துட்டு, சீரு வேற கேக்குதாக்கும்?" என்று அவர் கடையில் சொன்னதாகக் காதுக்கு வந்தது. அன்றைக்கு என் மனைவி சோறு வைக்கவில்லை.

அந்த வாரம்தான் மகள் போனில் வேறொன்று சொன்னாள். மாப்பிள்ளைக்குத் தன் ஊர் உடையில் மேடையில் நிற்க ஆசையாம். அந்த ஊர் ஆண்கள் பாவாடை மாதிரி உடுத்துகிற கட்டம் போட்ட கில்ட்டு, முழங்கால் வரை காலுறை, முன்பக்கம் இடுப்பில் தொங்குகிற ரோமப் பை. கில்ட்டில் பாக்கெட் கிடையாது, அந்தப் பை இல்லாமல் அதை உடுத்தினால் அரைகுறையாக நிற்கிற மாதிரி இருக்குமாம். அவனிடம் இருப்பது அவன் தாத்தா கட்டிய பை, கடல்நாய்த் தோலில் செய்தது. காட்டு விலங்கு, கடல் விலங்குத் தோலையெல்லாம் காகிதம் இல்லாமல் தேசம் விட்டுத் தேசம் கொண்டுவர விடமாட்டார்கள். அதனால் பையன் பேண்ட் சட்டையிலேயே வந்துவிடுவான் என்றாள்.

என் மனைவி போனை வாங்கி, "வேண்டா. அவுக அய்யா வீட்டு உடுப்புலயே வரட்டும். பைய நான் செஞ்சு வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

"ஏ புள்ள, உனக்குப் புத்தி கித்தி பெசகிருச்சா? தோலப் பதம் போட உனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

"தெரிஞ்சுக்கிறேன். பின்னே என்ன? ஊர் பேர் தெரியாதவன்னு எங்கண்ணன் சொல்லுதுல்ல. அவனுக்கும் ஒரு தாத்தா இருந்தாரு, அவுக வீட்டுக்கும் ஒரு மொறை இருக்குன்னு வந்து கண்ணால பாக்கட்டும்."

மேற்கொண்டு பேசியிருந்தால் எனக்கும் சோறு கிடைத்திருக்காது.

செய்தி எப்படியோ ஜீப்பு ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டது. குரங்கணி ஜீப்பு ஓட்டுகிற ஒருத்தன் வீட்டுக்கே வந்து, குரலைத் தாழ்த்தி, "அண்ணே, மேல ஒரு எடத்துல மரநாய்த் தோலு இருக்கு, பளபளன்னு இருக்கும், கொண்டாரட்டா?" என்றான். நான் பாய்ந்துவிட்டேன். "ஏலே, மகளுக்கு மாலை போடுறப்ப நான் ஃபாரஸ்ட் ஆபீஸ்ல உக்காந்திருக்கணுமா? போடா அங்கிட்டு!" என் மனைவி அவனுக்கு ஒரு டம்ளர் மோரைக் கொடுத்து, "காட்டுச் சீவன் பாவம்ப்பா. எனக்கு ஆடு போதும்" என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பினாள்.

ஆடு என்றால் ஏதோ ஓர் ஆடு இல்லை. வெள்ளை உடம்பில் செம்மண்ணை வாரித் தெளித்த மாதிரி திட்டுத்திட்டாக இருக்கிற கொடியாட்டுக் கிடா. பையின் மூடிக்கு நடுவில் ஒரு சிவப்புத் திட்டு விழ வேண்டும் என்று மனதில் படமே போட்டு வைத்திருந்தாள். அண்ணன் கடைப் பக்கம் போக மனம் வராமல், பஸ் ஸ்டாண்டு பக்கத்து வேறொரு கடையில் சொல்லி வைத்து வாங்கினாள். போனில் வீடியோவைப் பார்த்துப் பார்த்து, சதை கொழுப்பையெல்லாம் வழித்து, உப்புப் போட்டு அலசி எடுத்துவிட்டாள். அதுவரைக்கும் நன்றாகத்தான் போனது. அடுத்து வந்தது சாரல் மழை. தோல் கொடியில் தொங்குகிறது, சொட்டுகிறது, காயவே இல்லை.

அப்போதுதான், மலையில் வளர்ந்தவர்களுக்கு மட்டுமே வருகிற யோசனை அவளுக்கு வந்தது. "ஏங்க, ஸ்டோர்ல சூடு போட்டா ஒரு பொழுதுல காஞ்சிருமே!" பச்சைக்காய் காய்வது அங்கே. மழைக்காலத்தில் பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பு காய்வதும், சிலர் வீட்டு வடகம் காய்வதும் அங்கேதான். நனைந்த எதைப் பார்த்தாலும் எங்களுக்கு ஸ்டோர்தான் நினைவுக்கு வரும். எனக்கும் அது சரியென்றே பட்டது. காய் இறங்காத நாளாகப் பார்த்துத் தட்டில் தோலை விரித்து மூடினோம்.

கதவைத் திறந்தால், அடேயப்பா! ஒரு கல்யாண அப்பளம் கிடந்தது. தோல் பாதியாகச் சுருங்கி, ஓரமெல்லாம் சுருண்டு, தட்டினால் டக்டக்கென்று சத்தம் போட்டது. ரோமம் கை பட்ட இடத்திலெல்லாம் கொத்துக்கொத்தாக வந்தது. ஈரத்தோடு சூடு பட்டதில் வெந்தேபோயிருந்தது. அதோடு விட்டதா? கிடா வாடை சுவரெல்லாம் ஏறிவிட்டது. அடுத்து உலர்த்திய காயை முதலாளி கையில் அள்ளி முகர்ந்தார். என்னைப் பார்த்தார். கிட்டே வந்து என் சட்டையை முகர்ந்தார். "நீரு குளிச்சு எத்தன நாளாச்சுய்யா?" என்றார். நான் என்ன பதில் சொல்ல?

என் மனைவி பதில் சொன்னாள். நேரே அவர் வீட்டுக்குப் போய், "தப்பு எம் மேல. அவர ஒண்ணுஞ் சொல்லாதீக" என்று சொல்லிவிட்டு, மறுநாள் சோடா உப்பும் வெந்நீருமாக வந்து, தட்டு தட்டாகக் கழற்றி, சுவர் தரையெல்லாம் தேய்த்துக் கழுவிக் கொடுத்தாள். வாடை வைத்த காயைத் தனியாகப் பிரித்து மறுபடி காற்றாட விட்டாள். முதலாளி ஒரு காயை முகர்ந்து பார்த்துத் தலையாட்டினார். திரும்பி ஜீப்பில் வரும்போது எனக்கு அவளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. சொன்னால் தலையில் ஏறிக்கொள்வாள் என்று சொல்லவில்லை.

"காய்க்குச் சூடு வேணும், தோலுக்குக் காத்துதான் வேணும் போல" என்றாள். கொஞ்சம் கழித்து, "எங்கண்ணன் கடைக்கே போறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கறிக்கடையில் கூட்டம் அலைமோதுகிறது. நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டேன். இவள் போய் வரிசையில் நின்றாள். முறை வந்ததும், "கறி வேணாண்ணே. தோலு வேணும். செவப்புத் திட்டு விழுந்த கொடியாட்டுக் கெடாத் தோலு" என்றாள்.

மச்சான் இவள் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவரிடம், "தோலெல்லாம் தோல்மண்டி லாரிக்குப் பேசியாச்சுன்னு சொல்லுங்க" என்றார். பெரியவர் ஒரு முழம் தள்ளி நிற்கிற இவளிடம் திரும்பி, "தோலெல்லாம் லாரிக்குப் பேசியாச்சாம்த்தா" என்று ஒப்பித்தார்.

"ஒண்ணே ஒண்ணு போதும்னு சொல்லுங்கய்யா."

"ஒண்ணு போதுமாம்ப்பா."

"எதுக்குன்னு கேளுங்க."

"எம் மருமகன் இடுப்புல கட்டுற பைக்கு" என்று இவள் கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். கொல்லென்று சிரித்தார்கள். இவள் அசையவில்லை. "சிரிங்க, நல்லாச் சிரிங்க. நமக்கு வேட்டி மாதிரி அவுகளுக்கு அது மருவாதி. அவுக தாத்தா கட்டுனத இங்க கொண்டார விடல. தாத்தா பை இல்லேன்னா அத்தை தச்ச பையோட நிக்கட்டும். எம் பிள்ளைய நம்பி இம்புட்டுத் தூரம் வர்றவன வெறும் இடுப்போட நிக்க வைக்க எனக்கு மனசு வரல."

வெட்டுகிற சத்தம் நின்றது. மச்சான் கத்தியைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அடுத்து யாருப்பா?" என்றார். இவள் வெறுங்கையோடு ரோட்டைத் தாண்டி வந்தாள். எனக்கோ மச்சானைச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

இரண்டொரு நாள் கழித்து வாசலில் டிவிஎஸ் வண்டிச் சத்தம். நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். மச்சான் வண்டியை விட்டு இறங்கவில்லை, எஞ்சினை நிறுத்தவும் இல்லை. ஒரு சிமெண்டுச் சாக்குச் சுருளைக் கேட்டுக்கு மேலே வைத்து, எங்கள் முருங்கை மரத்தைப் பார்த்து, "உப்புப் போட்டிருக்கு" என்றார். போய்விட்டார்.

சாக்கைப் பிரித்தோம். வெள்ளையும் சிவப்புமாக முழுக் கிடாத் தோல். அவசர வியாபாரத்தில் கத்தி போட்டு உரிக்கிற தோலில் அங்கங்கே கீறலும் ஓட்டையும் இருக்கும். முதலில் வாங்கியதும் அப்படித்தான் இருந்தது. இதில் கத்தியே படவில்லை. கால் முட்டி வரைக்கும் கை முஷ்டியால் குத்திக் குத்திப் பொறுமையாக உரித்திருக்கிறார். தங்கை அதை உள்ளும் புறமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்கண்ணன் கை வலிச்சிருக்கும்ங்க" என்றாள். அப்புறம் அழுதாள்.

அதற்குப் பிறகு அவள் வேலை செய்ததை நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய பிளாஸ்டிக் குழாயைச் சாய்த்து வைத்து, அதன்மேல் தோலைப் போட்டு, மழுங்கின அரிவாளின் முதுகுப் பக்கத்தால் மிச்சமிருந்த சவ்வையெல்லாம் வழித்தாள். ஓர் இடத்தில்கூட அழுத்தம் மீறவில்லை. படிகாரத்தையும் உப்பையும் வெந்நீரில் கரைத்து, ஆறவிட்டு, குளியலறைத் தொட்டியில் தோலை ஊறப் போட்டாள். ஆவாரம்பட்டை போட்டால் தோல் உரமாக இருக்குமாம், ஆனால் வெள்ளை ரோமம் பழுப்பாகிவிடும் என்று வேண்டாம் என்றுவிட்டாள். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே ஓடிப்போய்க் கிண்டிவிட்டு வருவாள். தினமும் தோலின் ஒரு மூலையை மடித்து நன்றாக அமுக்கிப் பார்ப்பாள். மடித்த இடத்தில் வெள்ளைக் கோடு அப்படியே நின்றால் மருந்து ஏறிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கோடு விழுந்த அன்றைக்குக் குளியலறையிலிருந்து, "ஏங்க, வெரசா வாங்க!" என்று ஒரு கூப்பாடு. வழுக்கி விழுந்துவிட்டாளோ என்று பதறி ஓடினால், ஈரத் தோலோடு நின்று சிரிக்கிறாள்.

முட்டை மஞ்சள்கருவையும் விளக்கெண்ணெயையும் அடித்து உள்பக்கம் தடவி ஊறவிட்டாள். நிழலில் பாதி காய்ந்ததும்தான் பெரிய வேலை. தோல் காயக் காய அதை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் விறைத்துவிடும். கட்டில் சட்டத்தின் விளிம்பில் போட்டு, இந்தத் தலைப்பை நானும் அந்தத் தலைப்பை அவளுமாகப் பிடித்து இழுத்தோம்.

"மெள்ள இழுங்க, தேரா இழுக்குறீக?"

"நீ மொதல்ல நேராப் பிடி."

"நேராத்தான் பிடிச்சிருக்கேன். உங்க கைதான் கோணலு."

கை விட்டுப்போனாலும் அவள் விடுகிற மாதிரி இல்லை. இழுக்க இழுக்க உள்பக்கம் வெளுத்து, மெத்தென்று போர்வை மாதிரி ஆனது. பாதம் தேய்க்கிற கல்லால் தேய்த்து இன்னும் மிருதுவாக்கினாள். ஒரு நாள் நான் கையில் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். குளியலறையில் நாறிக்கிடந்ததா இது என்று இருந்தது. "எப்பா, கெட்டிக்காரிதாண்டி நீ" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். "மதி, மதி" என்று மலையாளத்தில் சொல்லி என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். போதும் என்று அர்த்தம். ஆனால் முகம் பூரித்துப்போயிருந்தது.

தையல் முழுக்க ஏலக்காய் மூட்டை தைக்கிற கோணி ஊசியில். பையின் முதுகுக்குக் கெட்டித் தோல் வேண்டும் என்று, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் பழைய ஆபீஸ் பையை வெட்டிவிட்டாள். மூன்று குஞ்சம் தொங்க வேண்டுமாம், கிடாவின் நீள ரோமத்தைக் கட்டி, சடைக்குஞ்சத்தின் பித்தளை மூடியில் செருகினாள். இடுப்புச் சங்கிலிக்கு நான், "நாய்ச் சங்கிலி ஒண்ணு கிடக்கே" என்றேன். பார்த்த பார்வையில் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். கடைசியில் தூக்கு விளக்கின் பித்தளைச் சங்கிலியைப் புளி போட்டுத் துலக்கிக் கோத்தாள். மூடிக்கு நடுவில் அவள் நினைத்த இடத்திலேயே சிவப்புத் திட்டு விழுந்திருந்தது.

மகளும் மாப்பிள்ளையும் வந்து இறங்கினார்கள். பையன் நெடுநெடுவென்று உயரம், வெட்கம் அதிகம். பையைக் கையில் வாங்கி ரோமத்தை நீவிப் பார்த்தான், உள்ளே கையை விட்டுத் தையலைத் தடவிப் பார்த்தான், கண்கலங்கி மகளிடம் என்னவோ சொன்னான். "தாத்தா பையில கூட இவ்ளோ வேலப்பாடு இல்லையாம், அம்மா" என்று மகள் சொன்னாள். அவன் உடனே இடுப்பில் கட்டப் போனான். என் மனைவி சட்டென்று வாங்கி, மண்டபத்துக்குக் கொண்டுபோகிற தட்டில் வைத்துவிட்டாள்.

"எங்கண்ணன் வந்து கட்டட்டும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "வரலேன்னா? அந்தப் பையன் அரைகுறையா நிக்கணுமா? உன் வீம்புக்கு ஒரு அளவு வேணாமா?"

"வரும். வரலேன்னா நிக்கட்டும், நானும் கூட நிக்கிறேன். தோலு அதோடது. அது கட்டாம நான் எப்பிடிக் கட்டுறது?" என்றாள். நேரில் போய் அழைப்பு வைத்தபோது மச்சான் தட்டை வாங்கிக்கொண்டார், வருகிறேன் என்று சொல்லவில்லை.

மண்டபத்தில் சனம் நிறைந்துவிட்டது. மேளக்காரர்கள் வாசித்து ஓய்ந்து, மறுபடி வாசித்தார்கள். மகள் மாலைக்குக் காத்து நிற்கிறாள். மாப்பிள்ளை கட்டம் போட்ட கில்ட்டும் கோட்டுமாக, முன்பக்கம் வெறுமையாக, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கோத்துக்கொண்டு நிற்கிறான். முன்வரிசையில் முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது. "தாய்மாமன் எங்கப்பா?" என்று ஒருத்தர் கேட்கவே கேட்டுவிட்டார். என் மனைவி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி நின்றாள். தலை குனியவில்லை. அவளிடமிருந்து அந்தப் பையைப் பிடுங்கி நானே கட்டிவிடலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தேன்.

வாசலில் வேறொரு மேளம் கேட்டது. சீர்த் தட்டுகள் வரிசையாக வந்தன. முதல் தட்டைத் தூக்கி வந்தது மச்சானின் மகன். பின்னால் வெள்ளை வேட்டியில், தோளில் மாலையோடு மச்சான்.

மேடையேறி, என் மகள் கழுத்தில் மாலையைப் போட்டார். தன் காலில் விழப்போனவளைத் தூக்கி நிறுத்தி நெற்றியில் திருநீறு பூசினார். பிறகு தங்கையிடம் திரும்பினார். கையை மட்டும் நீட்டினார். இவள் தட்டை நீட்டினாள். பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், எதிர்ப்புறமாக ரோமத்தை நீவினார், மடக்கினார், விட்டார். எத்தனையோ ஆட்டுத் தோலைப் பார்த்த கை அது.

"கொழந்தத் துணி கணக்கா இருக்கேத்தா" என்றார். வெகுநாள் கழித்துத் தங்கையின் முகத்தைப் பார்த்து அவர் பேசிய முதல் பேச்சு.

பிறகு முழங்காலை ஊன்றி அந்தப் பையன் முன்னால் உட்கார்ந்தார். சங்கிலியை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து கொக்கியைத் தேடினார். பையனுக்குப் பதற்றத்தில் நெளிவு தாங்கவில்லை. தன் மகன் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்ட இடம் அது. அந்த இடத்தில் நிற்கிறவனை நிமிர்ந்து பார்த்து மச்சான் சொன்னார்:

"ஆடாம நில்லுங்க மாப்ளே."

என் மனைவி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு மேடையிலேயே குலுங்கிக் குலுங்கி அழுதாள். தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் போல என்று பையன் மிரண்டுபோய் என்னைப் பார்த்தான். எனக்கும் கண் மறைத்தது.

"ஒண்ணுமில்ல, நில்லுங்க மாப்ளே" என்றேன்.